சேலம், ஏற்காடு பக்கம் பண்டிகை நாட்களில் வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அறை வாடகையைக் கேட்பதற்கு முன்பே வெளியூர்க்காரர்கள் கேட்டுவிடும் சந்தேகங்கள் சில உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலண்டரில் சாதாரண புதன்கிழமை என்றுதான் போட்டிருக்கிறது. வந்து பார்த்தால் தாலுகா ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. என்ன கணக்கு இது?

அதற்குப் பெயர் உள்ளூர் விடுமுறை. பொங்கல், தீபாவளி போன்ற பொது விடுமுறைகளை மாநில அரசு முந்தைய ஆண்டே பட்டியல் போட்டு அறிவித்துவிடும். அது தவிர, ஒரு மாவட்டத்துக்கே உரிய பெரிய விழாவுக்கு அந்த மாவட்ட ஆட்சியர் தனியாக விடுமுறை விடுவார். தஞ்சாவூரில் ராஜராஜ சோழனின் சதய விழா, கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று. சேலத்துக்குக் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை. பல ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கும் விடுகிறார்கள்.

விழாவுக்குச் சில நாட்கள் முன்னால்தான் உத்தரவு வரும். முந்தைய ஆண்டே அச்சாகிவிடும் காலண்டரில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும் அரசு அலுவலக வேலையாகச் சேலம் வருபவர்கள் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். இன்னொன்றும் உண்டு. இந்த விடுமுறையை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக அதே உத்தரவில் குறிப்பிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் டவுன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும்.

உள்ளூர் விடுமுறை அன்று பேங்க் உண்டா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உண்டு. வங்கிகளுக்கு விடுமுறை என்றால் அது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட வேண்டும். ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அந்தச் சட்டத்தின் கீழ் வராது. உத்தரவிலேயே அப்படி ஒரு வரி இருக்கும். ஆகவே வங்கி, தபால் நிலையம், ரயில்வே முன்பதிவு எல்லாம் வழக்கம்போல நடக்கும். பள்ளி, கல்லூரி, மாநில அரசு அலுவலகங்கள் இருக்காது. கருவூலம் மட்டும் அவசர வேலைக்குக் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும். பத்திரப் பதிவுக்காக வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து, மூடிய கதவைப் பார்த்துவிட்டு எங்கள் விடுதியில் இன்னொரு இரவு தங்கிப் போனவர்கள் உண்டு. எங்களுக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கோட்டை மாரியம்மன் பண்டிகை எந்தத் தேதியில் வரும்?

தேதியால் சொல்ல முடியாது, கிழமையால் சொல்லலாம். ஆடி மாதம் ஜூலை 17 வாக்கில் பிறக்கும். முதலில் பூச்சாட்டுதல், அடுத்து கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பிறகு பொங்கல், மாவிளக்கு என்று வரிசையாக நடக்கும். பொங்கல் வைக்கும் முக்கிய நாள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அல்லது இரண்டாம் வாரப் புதன்கிழமையாக அமையும். உள்ளூர் விடுமுறையும் அன்றைக்குத்தான். அதற்கடுத்த நாட்களில் வண்டி வேடிக்கை, சத்தாபரணம் (அம்மன் ஊர்வலம்), மஞ்சள் நீராட்டு என்று வாரம் முழுக்க ஓடும்.

வெளியூர்க்காரர்கள் இதை ஒரு கோயில் திருவிழா என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோட்டை மாரியம்மன் தலைமை அம்மன். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று பேட்டைக்குப் பேட்டை அம்மன் உண்டு, எல்லாவற்றுக்கும் இதே சமயத்தில்தான் பண்டிகை. சேலத்துக்காரர் வெறுமனே "பண்டிகை" என்றால் பல நேரம் இதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியூருக்குக் கட்டிக் கொடுத்த பெண்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

அந்த நாளில் காரோடு நகருக்குள் வரலாமா?

வராதீர்கள். கோயில் திருமணிமுத்தாற்றங்கரையில், பழைய பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. நேர்த்திக்கடனாக உருளுதண்டம் போடுபவர்களும் அலகு குத்தி வருபவர்களும் சாலையில் இருக்கும்போது உங்கள் ஆரனுக்கு யாரும் விலக மாட்டார்கள், விலகவும் கூடாது. ஈரத்துணியோடு ஒருவர் உருண்டு வருவார்; குடும்பத்துப் பெண்கள் குடத்துத் தண்ணீரை அவர் முன்னால் ஊற்றிக்கொண்டே நடப்பார்கள். அந்த இடத்தில் கார் கதவைத் திறக்கக்கூட இடம் இருக்காது.

சென்னை, பெங்களூரு, கோவைப் பஸ்கள் எல்லாம் புதிய பஸ் நிலையத்துக்கு வருகின்றன. அங்கே பிரச்சினை இல்லை. ரயிலில் வந்தால் ஜங்ஷன் சூரமங்கலத்தில், கூட்டத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் தங்கிக்கொண்டு, கோயிலுக்கு ஆட்டோவில் எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அவ்வளவு தூரம் போய், மீதியை நடப்பது நல்லது. எங்கள் விடுதி உள்ளே இருக்கிறது. அந்த வாரம் மட்டும் எங்களிடம் தங்க வேண்டாம் என்று நானே சொல்வதுண்டு. முதலாளி காதில் விழாதபடி.

வண்டி வேடிக்கை என்கிறார்களே, அது மாட்டுவண்டிப் பந்தயமா?

பந்தயம் கிடையாது. மின்விளக்கு அலங்காரம் செய்த வண்டியின் மேல், புராணக் காட்சி ஒன்றை மனிதர்களே வேடம் போட்டு நிற்கும் ஊர்வலம். சிவனும் பார்வதியும் கைலாயத்தில், பாற்கடல் கடைதல், மகிஷனை அம்மன் மிதித்து நிற்பது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு காட்சி. வேடம் போட்டவர் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்பதில்தான் போட்டியே. உடம்பெங்கும் நீல வர்ணம் பூசிய பையன் கண்ணை மட்டும் உருட்டிக் கூட்டத்தில் தன் தாயைத் தேடுவதைக் கிட்டத்தில் நின்றால் பார்க்கலாம். குகையிலும் அம்மாபேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நடக்கிறது. ஒவ்வொரு பேட்டைக்கும் தன்னுடையதுதான் பெரிது. எது சிறந்தது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

மாலையில் தொடங்கி இரவு வெகு நேரம் போகும். ஊர்வலத்தின் நடுவில் போய் நிற்பதைவிடத் தெரு முனையில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை ஓரம் நல்லது. கேட்டால் மாட்டேன் என்று சொல்பவர்கள் குறைவு. குழந்தைகளோடு வருபவர்கள் தட்டுவடை செட் கடைப் பக்கம் நின்றால், வண்டிகளுக்கு இடையில் வரும் நீண்ட இடைவெளியைச் சமாளிக்கலாம்.

ஜூலை நடுவில் வந்தோம். தெருவில் ஆளாளுக்கு நெருப்பில் தேங்காயை வாட்டிக்கொண்டிருந்தார்கள். அது என்ன, விடுமுறை நாளா?

அது ஆடி முதல் நாள், தேங்காய் சுடும் நாள். அரசு விடுமுறை இல்லை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியை ஒட்டிய பக்கங்களில் மட்டும் பார்க்கலாம். மதுரைக்காரர்களும் நெல்லைக்காரர்களும் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கண்ணில் துளையிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டு, பொட்டுக்கடலை, எள், வெல்லம், அவல், பாசிப்பயறு ஆகியவற்றை உள்ளே அடைப்பார்கள். அழிஞ்சில் குச்சியைச் சீவித் துளையில் செருகி, மஞ்சள் பூசி, அந்தக் குச்சியையே கைப்பிடியாகக் கொண்டு நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருத்து வெடிக்கும்போது இறக்கி, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது, அதன் நினைவாக என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். குச்சி மாலைக்குள் சந்தையில் தீர்ந்துவிடும். சுட்ட தேங்காயை யாராவது கொடுத்தால் மறுக்காதீர்கள். புகை மணத்தோடு வெல்லம் உருகிய அந்தப் பருப்பு கடையில் கிடைக்காது.

ஆடி 18-க்கு மேட்டூர் போய்க் காவிரியில் குளிக்க நினைக்கிறோம். பாதுகாப்பா?

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பொறுத்தது. ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 3-ஆம் தேதி வரும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது; முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் வலுத்தால் ஜூலை இறுதியிலேயே அணை நிரம்பி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் பாயும். 2024 ஜூலை இறுதியில் அப்படித்தான் நிரம்பியது. அந்த மாதிரி ஆண்டுகளில் குறிப்பிட்ட படித்துறைகளைத் தவிர வேறெங்கும் இறங்கவே விட மாட்டார்கள். "தண்ணீர் சும்மாதான் போகிறது" என்று கரையில் நிற்கும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காவிரி மேலே அமைதியாகத்தான் தெரியும், இழுப்பு கீழே இருக்கும். போலீஸ் கயிறு கட்டிய இடத்துக்குள் மட்டும் குளியுங்கள்.

குளிக்காவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டிய நாள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் தங்கள் தெய்வச் சிலைகளையும் வேல், அரிவாள் போன்றவற்றையும் மேளதாளத்தோடு ஆற்றுக்குக் கொண்டுவந்து நீராட்டித் திரும்பிக் கொண்டுபோகும். புதுமணத் தம்பதிகள் தாலிக் கயிறு மாற்றுவார்கள். அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, பூங்காவில் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுவார்கள். விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் கிளம்பிவிட்டால் நல்லது. அதற்கு மேல் போனால் மேச்சேரி தாண்டியதுமே வண்டி நகராது.

அதே நாளில் சங்ககிரிக் கோட்டையையும் கொல்லிமலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் சங்ககிரியில்தான் 1805-இல் தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். அந்த நினைவு நாளை ஆடி 18 அன்று அனுசரிப்பதால் தலைவர்களும் அவர்களின் வாகன வரிசைகளும் அன்று அங்கே இருக்கும். கோட்டை ஏறுவதற்கு வேறு நாள் வாருங்கள்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். ஆடி 17, 18 ஆகிய இரண்டு நாளும் அங்கே வல்வில் ஓரி விழா. அவர்களுக்கு உள்ளூர் விடுமுறை தனி, நம் ஆட்சியரின் உத்தரவு அங்கே செல்லாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் விழாக் கூட்டத்தோடு ஏறுவதற்குப் பொறுமை வேண்டும்.

ஆடியில் கல்யாணமே கிடையாது. அப்படியானால் அறை சுலபமாகக் கிடைக்கும்தானே?

சரியாகப் பிடித்தீர்கள். பண்டிகை வாரத்தைத் தவிர்த்தால் ஆடி எங்களுக்கு மந்தமான மாதம். பேரம் பேசலாம். சேலத்தில் விடுதிகள் நிரம்புவது அரசு விடுமுறைகளில் இல்லை, முகூர்த்த நாட்களில். ஆவணி பிறந்ததும், தையிலும், வைகாசியிலும் வளர்பிறை முகூர்த்தம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்தால், மண்டபத்தைச் சுற்றி இருக்கும் எல்லா அறைகளையும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அறை பதிவதற்கு முன் அரசுப் பட்டியலைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு கோடை விழா எப்போது? அப்போது போவது நல்லதா?

மே மாதத்தில், பெரும்பாலும் பிற்பாதியில் நடக்கும். அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. பூவைப் பார்க்க வருபவர்கள் முதல் இரண்டு நாளுக்குள் வர வேண்டும். பிறகு வாடிய பூவையும் செல்ஃபி எடுப்பவர்களின் முதுகையும்தான் பார்க்கலாம். அமைதியைத் தேடி வருகிறவர்களுக்கு அது ஏற்ற காலம் இல்லை.

முக்கியமாக, பாதை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்; அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு பாதை அயோத்தியாப்பட்டினம் பக்கம் குப்பனூர் வழியாக. விழா நாட்களில் அடிவாரப் பாதையை ஏறுவதற்கும் குப்பனூர்ப் பாதையை இறங்குவதற்கும் என ஒருவழியாக்கிவிடுவார்கள். இறங்கும்போது பழைய வழியிலேயே போகலாம் என்று நேரக்கணக்குப் போட்டவர்கள் ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு மாலை ரயில் டிக்கெட் இருந்தால் மதியச் சாப்பாட்டை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊட்டிக்குப் போல ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வேண்டுமா?

2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்தது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும். ஏற்காடு அதில் சேரவில்லை. அங்கே பாஸ் கிடைக்காதவர்கள் இங்கே வண்டியைத் திருப்புவதால் கூட்டம் கூடியதுதான் மிச்சம்.

சேர்வராயன் கோயிலிலும் மே மாதம் திருவிழா என்கிறார்களே. அன்று போனால் தரிசனம் கிடைக்குமா?

கிடைக்கும், காத்திருந்தால். மலை உச்சியில், குனிந்து உள்ளே போக வேண்டிய குகைக்கோயில் அது. சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள். மலைவாழ் மக்களின் ஆண்டுத் திருவிழா என்பதால் சேர்வராயன் மலையின் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். அன்று நாம் விருந்தாளிகள். வரிசையில் முந்துவது, கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது இரண்டும் வேண்டாம். காபித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களில் பலரும் அன்று வேலைக்கு வர மாட்டார்கள். தோட்டம் சுற்றிப் பார்க்க முன்பே பேசி வைத்திருந்தால் ஒரு நாள் தள்ளிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் தங்குகிறோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பஸ் நிலையங்களைச் சுற்றியுள்ள பெரிய ஓட்டல்கள் இருக்கும். தெருவுக்குள் இருக்கும் மெஸ்களில் வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் அடுப்பு எரிய நான்கைந்து நாட்கள் ஆகும். மாட்டுப் பொங்கல் அன்றே திருவள்ளுவர் தினமும் வருகிறது. இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி அறிவிக்கும். அசைவப் பிரியர்கள் மறுநாள், கரிநாள் (காணும் பொங்கல்) வரை பொறுக்க வேண்டும். கரிநாளில் மேட்டூர், ஏற்காடு, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மூன்றிலும் நிற்க இடம் இருக்காது.

ஜல்லிக்கட்டு பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆத்தூர் பக்கம் கூலமேட்டைக் கேட்டு வையுங்கள். அரசு அனுமதி வந்த பிறகே தேதி உறுதியாகும்.

மதுக்கடை எந்தெந்த நாளில் மூடியிருக்கும்? வெளிப்படையாகவே கேட்கிறேன்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு தினம் (அதாவது தைப்பூசம்), மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. உள்ளூர் விடுமுறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முந்தைய நாள் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் விடுதியில் கூடாது.

ஆயுதபூஜைக்கு வெள்ளிக் கொலுசு வாங்க வரலாமா?

வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைகளில் கருவிகளைக் கழுவிப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் பெயருக்கு ஒரு வேலை செய்வார்கள், அவ்வளவுதான். பொரி கடலை கைநிறையக் கிடைக்கும், கொலுசு கிடைக்காது.

எந்தப் பண்டிகையும் இல்லை, நம்மூரில் விடுமுறையும் இல்லை. நவம்பர் 1 அன்று ஏற்காட்டில் அறையே இல்லை என்கிறார்களே, ஏன்?

அன்று கர்நாடகத்தில் ராஜ்யோத்சவ விடுமுறை, அதாவது அவர்கள் மாநிலம் உருவான நாள். பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாக அரை நாளுக்குள் வந்துவிடலாம் என்பதால் ஏற்காட்டின் நெரிசலில் பாதி அவர்கள் காலண்டரைப் பார்த்து வருகிறது. அந்த விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் இன்னும் மோசம். அதே காலத்தில் வடகிழக்குப் பருவமழையும் இருப்பதால் மலைப்பாதையில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பதும் உண்டு. மழை நாளில் போகுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் தங்கிப் படிக்கும் பள்ளிகள் பல இருக்கின்றன. அவை விடுமுறைக்கு மூடும் நாளிலும் திறக்கும் நாளிலும் பெற்றோர் கார்களால் மலை நிரம்பிவிடும். இந்தத் தேதிகள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அறை பதியும்போது "அந்த வாரம் ஸ்கூல் திறக்கிறார்களா?" என்று கேளுங்கள், கேட்டவுடன் விடுதிக்காரர் உங்களை விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

மூன்று நாள் தொடர் விடுமுறைதான் எங்களுக்குக் கிடைக்கும். வேறு வழியில்லை. அப்போது ஏற்காடு போவது எப்படி?

முதல் நாள் ஏறாதீர்கள். எல்லோரும் அன்றுதான் ஏறுவார்கள். முதல் நாளைச் சேலத்திலோ தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலிலோ கழித்துவிட்டு, இரண்டாம் நாள் விடியும் முன் மலையேறுங்கள். பகோடா பாயிண்ட், லேடி சீட் இரண்டையும் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுச் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விடுங்கள். படகுக்கு ஏரிக்கரையில் வரிசை நீளும் நேரத்தில் நீங்கள் நாகலூர் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் நடந்துகொண்டிருக்கலாம். மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் இறங்குங்கள். மதியத்துக்கு மேல் இறங்க நினைத்தால், மேலே சொன்ன ஒருவழிப்பாதை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.